வாந்தி நின்ற நான்கு மணி நேரம்

1

ஜெர்மனியில் கர்ப்பிணிகளுக்கு ஒரு சிறு குறிப்பேடு தருகிறார்கள். நீல அட்டை போட்டது, கைப்பையில் அடங்குவது. முதல் பரிசோதனையிலிருந்து பிரசவம் வரை எடை, இரத்த அழுத்தம், குழந்தையின் அளவு எல்லாம் அதில் ஏறும். பிரசவத்துக்குப் பிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. பாஸ்போர்ட்டுகளும் வீட்டு ஒப்பந்தமும் இருக்கும் கோப்பில் என்னுடையது பன்னிரண்டு வருடமாகக் கிடந்தது.

சென்ற செவ்வாய்க்கிழமை என் மகள் இனியா அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள்: நீ பிறப்பதற்கு முன்பிருந்த ஒரு பொருளைக் கொண்டு வா, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுது. வரும் வாரம் அவளுக்குப் பன்னிரண்டு முடிகிறது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லும் வயது. எப்போதாவது தமிழ் பேசினால், விருந்தாளியிடம் பேசுவதுபோல் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள்.

நின்றபடியே படித்தாள். என்னைவிட அவளுக்கு ஜெர்மன் சரளம். ஐம்பத்தொன்று, நாற்பத்தெட்டு, நாற்பத்தைந்தரை என்று என் எடையை வரிசையாக வாசித்தவள், பிறகு நிறுத்தினாள். ஒன்பதாவது வாரத்துக்கு அடுத்த பதிவு பதினெட்டாவது வாரத்தில் இருந்தது. இடையில் ஒன்றும் இல்லை.

நான் வேலூரில் ஒரு நாளிதழில் எட்டு வருடம் துணை ஆசிரியராக இருந்தவள். செய்தியில் இடைவெளி இருந்தால் நிருபரைக் கூப்பிட்டுக் கேட்பது என் வேலை. அன்று என் மகள் என்னைக் கேட்டாள், நடுவில் என்ன ஆயிற்று என்று. நான் அடுப்பைத் துடைத்தேன்.

அவள் பின்பக்கம் திருப்பினாள். அங்கே ஆபத்துகளின் பட்டியல் ஒன்று உண்டு. சர்க்கரை நோய், முந்தைய அறுவை சிகிச்சை என்று நீளமாகப் போகும். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று குறியிட்டிருந்தது. ஒன்றுக்கு மட்டும் 'ஆம்'. அதைத் தமிழில் சொல்ல முயன்றாள்.

"மனசுக்கு ரொம்ப பாரம். அப்டித்தான் போட்டிருக்கு. ஆமாம்னு டிக் இருக்கு."

அப்படி ஒரு குறி இருப்பதே எனக்குத் தெரியாது. அதை வாங்கி என் கண்ணால் பார்ப்பதற்குள் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

"அது என்னாலயா?"

துணி காயப்போட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனேன். சலவை இயந்திரத்தில் துணி எதுவும் இல்லை.

2

அந்தக் குறியை யார் போட்டிருக்க முடியும் என்று யோசித்தேன். ஒன்பதாவது வாரத்தில் என்னைப் பார்த்த பெண் மருத்துவர்தான். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். தண்ணீர் கூட நிற்காது. ரூர் என்ற தொழிற்பகுதியில் எங்கள் நகரத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கணவர் செந்திலுக்கு ஷிப்ட் வேலை. கீழ் வீட்டில் வெண்ணெயில் வெங்காயம் வதக்கும் வாசனை படிக்கட்டு வழியாக மேலே வரும். அது வரும் நேரம் எனக்கு மனப்பாடம். கழிவறைத் தரையில் ஒரு தலையணை போட்டு வைத்திருந்தேன்.

மருத்துவர் எடை பார்த்தார், மாத்திரை எழுதினார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு, வீட்டில் எப்படி இருக்கிறீர்கள், தூங்குகிறீர்களா, அழுகிறீர்களா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அந்த வாக்கியம் ஜெர்மனில் எனக்குப் பிழையில்லாமல் வரும்.

பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்க வேண்டியிருந்தது. மனநிலை பற்றி ஏதாவது எழுதிவிட்டால் அது வெளிநாட்டவர் அலுவலகக் கோப்புக்குப் போய்விடும், பிறகு அட்டை கிடைப்பது கஷ்டம் என்று செந்திலின் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அப்படி எதுவும் இல்லை என்பது பிற்பாடு தெரிந்தது. எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. நோயை மருத்துவரிடமிருந்தே ஒளிப்போம், காகிதத்துக்குப் பயந்து.

ஆனாலும் அவர் நம்பவில்லை என்பதைப் பன்னிரண்டு வருடம் கழித்து மகள் வாசித்ததில் தெரிந்துகொண்டேன். அவர் வேறொன்றும் செய்திருக்க முடியாது. நான்தான் அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டேனே.

3

ஊருக்கு வந்தால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நம் காற்று, நம் தண்ணீர், நம் ஆட்கள். ஊரில் இருப்பவர்கள் இதை அன்பாகத்தான் சொல்கிறார்கள். படிக்கும் உங்களில் யாராவது வெளிநாட்டில் இருக்கும் தங்கைக்கோ மகளுக்கோ இதைச் சொல்வதாக இருந்தால், மேற்கொண்டு படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் ஊர் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலை மேல் தாலுகா ஆபீசும் சந்தையும் இருக்கும் ஊர். பெற்றோர் இறந்துவிட்டார்கள். அண்ணன் மலைக் கிராமங்களிலிருந்து புளி வாங்கிப் போளூருக்கு அனுப்புகிறார். நான் போனது பங்குனி. புளி இறங்கும் மாதம். முன்னறையிலும் நடையிலும் மூட்டைகள். ஆறேழு பெண்கள் தரையில் உட்கார்ந்து ஓடு தட்டி, கொட்டை எடுத்து, உருண்டை பிடிப்பார்கள். அந்த வாசனை சுவரில், பாயில், குடிக்கும் தண்ணீரில் இருந்தது. ஜெர்மனியின் வெண்ணெய் வெங்காயத்துக்குக் குறிப்பிட்ட நேரம் உண்டு. இதற்கு இல்லை.

மசக்கைக்காரிக்குப் புளிப்புக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்பது அவளல்ல, வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை என்பதால் மறுக்கக் கூடாது. ஜெர்மனியிலிருந்து மசக்கைக்கு வந்திருக்கிறாள் என்ற செய்தி சந்தை நாளில் பரவியது. மூட்டை இறக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் எனக்கென்று தனியாக ஒரு கை நல்ல புளி கொண்டுவந்தார்கள். தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் வாந்தி எடுத்தால் சிரித்த முகத்தோடு பார்த்தார்கள். வாந்தி நன்றாக வந்தால் பிள்ளை கெட்டியாக நிற்கிறது என்று அர்த்தம். செத்துவிடுவேன் போலிருக்கிறது என்று நான் சொன்னதைக் கூட நல்ல சேதியாகத்தான் கேட்டார்கள்.

என்னைக் கவனித்துக்கொண்டவர் அண்ணி தேவகி. ஒரு நாளில் இருபது முறை வாளியைக் கழுவியிருப்பார், முகம் சுளித்ததில்லை. ஆனால் நான் கொண்டுவந்திருந்த மாத்திரைகள் வந்த மூன்றாம் நாளே காணாமல் போயின. பெட்டி, அலமாரி, படுக்கைக்கு அடி எல்லாம் தேடினேன். அண்ணியும் கூடவே தேடினார்.

4

மூன்று வாரத்தில் திரும்புவதாகத் திட்டம். மூன்றாவது வாரம் அண்ணனின் காரில் கிளம்பினோம். நான்காவது வளைவில் நான் மயங்கிவிட்டேன். காரைத் திருப்பினார்கள். பத்து நாள் கழித்து மறுபடி முயன்றோம். இந்த முறை இரண்டாவது வளைவு.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்குக் கொடுத்திருந்த நாள் கடந்துபோனது. செந்தில் கடிதம் எழுதினார். மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். மலை மேல் வாங்கிய சான்றிதழை, அங்கே பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மனாக்கி அனுப்பினார். ஒரு அதிகாரி, மரியாதையாகவே, மலையிலிருந்து இறங்க வேறு வழி இல்லையா என்று கேட்டு எழுதியிருந்தார். இருந்தன. போளூர் வழி, அமிர்தி வழி, காவலூர் போய் ஆலங்காயத்தில் இறங்கும் வழி. மூன்றும் வளைவுகள்தான்.

அந்த நாட்களில் கூடத்து ஜன்னலிலிருந்து பேருந்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போளூர் பேருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பும். இறங்கிப் போகிற எல்லாரையும் எனக்குப் பிடிக்காமல் போனது.

உடம்பை விட்டு வெளியே போக முடியாது, வீட்டை விட்டு, மலையை விட்டுப் போக முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கதவுகள் பூட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் உள்ளே, எள்ளளவாக, இன்னொரு ஆள்.

ஒரு மாலை செந்தில் தொலைபேசியில், உனக்கு நிஜமாகவே இந்தக் குழந்தை வேண்டுமா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எங்கோ படித்திருந்தார். ஸ்பீக்கரில் இருந்ததால் அண்ணிக்கும் கேட்டது. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"கலா, மனசுல வாணாம்னு கீதா ஒனக்கு? மனசு வாணாம்னா வயிறும் வாணாம்னுதான் தள்ளும்."

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ஏனென்றால் அதற்குள் எனக்கு வேண்டாம் என்றுதான் இருந்தது. எது முதலில் வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பரிசோதனைக் கோடு இரண்டாகத் தெரிந்த நாளில் நான் சந்தோஷப்பட்டதாக ஞாபகம். ஆனால் அதுவும் வேறு யாரோ சொன்ன செய்திபோல் இருந்தது.

5

பதினான்காவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. கண் விழித்தபோது எதுவோ குறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. குமட்டல் இல்லை.

எழுந்து நின்றேன். புளி வாசனை வந்தது, வெறும் வாசனையாக. பல் தேய்த்தேன். அடுக்களைக்குப் போய் அண்ணியிடம் பசிக்கிறது என்றேன். நான்கு இட்லி சாப்பிட்டேன். சட்னி தொட்டுக்கொண்டேன். பிறகு கொஞ்சம் சாமைச்சோறும் மோரும். வெயிலில் போய் உட்கார்ந்தேன். எதிர்வீட்டு நாய்க்குக் காது ஒன்று மடங்கியிருப்பதை முதன்முறையாகப் பார்த்தேன்.

அண்ணி சாப்பாடு போட்டாரே தவிரப் பேசவில்லை. நான் இரண்டாவது முறை கை நீட்டியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டாம் வருடம் அண்ணிக்கு ஒரு கர்ப்பம் நிற்காமல் போனது. நான் அப்போது வேலூரில் இருந்தேன். ஒரு நாள் லீவு போட்டு வந்து பார்த்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான். இப்போது விடுதியில் படிக்கும் மகன் பிற்பாடு பிறந்தவன். அந்த முதல் தடவை, ஒரு காலையில் வாந்தி திடீரென்று நின்றது என்று அவர் சொல்லியிருந்தார். அது எனக்கு நினைவு வந்தது.

அண்ணி என்ன நினைக்கிறார் என்று தெரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன். போய்விட்டது.

அவர் அடுக்களைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். நான் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமோ துக்கமோ இல்லை. பூட்டு கழன்ற சத்தம் கேட்டதுபோல் இருந்தது. நாளைக்குப் பேருந்து ஏறலாம் என்று கணக்குப் போட்டேன். எந்தப் பையை எடுப்பது என்று கூட யோசித்தேன். காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ஏறக்குறைய நான்கு மணி நேரம், நான் சந்தோஷமாக இருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வாயில் உப்பாக எச்சில் ஊறியது. அந்த எச்சில் எதற்கு முன்னால் வரும் என்று எனக்குத் தெரியும். வாளி வருவதற்குள் படியிலேயே எல்லாம் வந்துவிட்டது.

அண்ணி ஓடிவந்து என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கீது, கீது, புள்ள கீது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புளி தட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். அண்ணன் கோயிலில் தேங்காய் உடைக்கப் போனார். நான் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

6

அன்று மாலை கிராம சுகாதார செவிலியர் மல்லிகா வந்தார். எல்லாரும் நர்சம்மா என்பார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஸ்கூட்டியில் எடைக் கருவியையும் நோட்டையும் வைத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போகிறவர். எடை பார்த்தார். நாற்பத்து நான்கு. அண்ணியைச் சுடுதண்ணீர் கொண்டுவர அனுப்பினார். நோட்டை மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எத்தினி தபா வாந்தின்னு கேக்கல கலாக்கா. காலைல நின்னுதாமே. நின்னப்ப ஒங்களுக்கு இன்னா தோணுச்சு?"

நன்றாக இருக்கிறேன் என்பது தமிழில் எனக்கு அப்போது வரவில்லை.

"போயிட்டா போதும்னு தோணுச்சு."

"எது? வாந்தியா, புள்ளையா?"

"ரெண்டும்."

அவர் அதிர்ச்சி எதுவும் காட்டவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை.

"எனக்கு ரெண்டாவது தங்குனப்ப இதே வேலைதான் பாத்துனு இருந்தேன். வூடு வூடா போய் சந்தோசமா இருங்கம்மான்னு சொல்லிட்டு, அவங்க வூட்டுப் பின்னாடியே போய் வாந்தி எடுப்பேன். அப்ப எனக்கும் இதேதான் தோணும். அது இப்ப ஒண்ணாவது படிக்குது. டீச்சரக் கடிச்சி வெச்சிட்டு வந்து நிக்குது."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சத்தம் வந்தது.

அண்ணி தண்ணீரோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மனசில் வேண்டாம் என்று இருப்பதால்தானே இப்படி என்று அவர் மெதுவாக ஆரம்பித்தார். மல்லிகா முடிக்க விடவில்லை.

"நாள் பூரா வாந்தி எடுத்தா யாருக்குத்தான் வேணும்னு தோணும்? ஒங்களுக்குத் தோணுமா எனக்குத் தோணுமா? மாத்திரை கொண்டாந்தாங்களே, அது இன்னா ஆச்சு?"

அண்ணி வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். "எனக்கு வாந்தி நின்னுதான் போச்சு நர்சம்மா" என்றார்.

"தெரியும். அது நின்னதால போவல. போனதால நின்னுது. மாத்திரை போட்டு நிறுத்துனா புள்ள போவாது. நிறுத்தலன்னா இவங்க போய்டுவாங்க."

அண்ணி சொம்பைக் கீழே வைத்தார். அடுக்களை மூலையில் உப்புப் போட்டு அடைத்த பழம்புளிப் பானை ஒன்று இருந்தது. அதைத் திறந்து முழங்கை வரை கையை விட்டார். பிளாஸ்டிக் பையில் சுற்றிய மாத்திரை அட்டைகளை எடுத்தார். அந்த வீட்டில் என்னால் கை வைக்க முடியாத ஒரே இடம் அது. யோசித்துத்தான் வைத்திருக்கிறார். கையைக் கழுவாமலே என்னிடம் நீட்டினார், பிறகு நினைவு வந்து கழுவப் போனார்.

மறுநாள் அண்ணன் மூட்டைகளை எல்லாம் சந்தைப்பக்கம் ஒரு கொட்டகைக்கு மாற்றினார். மல்லிகா வாரம் இரண்டு முறை வந்து குளுக்கோஸ் போட ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியை வேறு மாதிரி கேட்டார். நான் சொன்னதை ஒரு முறையும் எழுதிக்கொள்ளவில்லை. மாத்திரையால் குமட்டல் பாதி குறைந்தது. பாதி குறைந்ததும், அந்த எள்ளளவு ஆளைப் பற்றி முதன்முறையாகக் கோபமில்லாமல் நினைக்க முடிந்தது. நான் மருத்துவர் இல்லை. எனக்கு நடந்தது இந்த வரிசையில் நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பதினேழாவது வாரத்தில் இறங்கினேன். அமிர்தி வழியாக. அண்ணி என்னோடு பின்சீட்டில் வந்தார். கார் பதினொரு இடத்தில் நின்றது.

7

துணியில்லாத இயந்திரத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மேலே வந்தேன். இனியா சமையலறையிலேயே குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். அந்தப் புதன்கிழமையைத் தவிர, இதுவரை எழுதியதை எல்லாம் அவளுக்குச் சொன்னேன். பாதி தமிழ், பாதி ஜெர்மன். புளிப்பானையில் மாத்திரை என்றதும் சிரித்தாள்.

"அதனாலதான் நம்ம வீட்ல புளியே இல்லையா?"

அதனால்தான். எங்கள் வீட்டு ரசம் எலுமிச்சை ரசம்.

பிறகு புதன்கிழமைக்கு வந்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். தேங்காய் உடைத்தார்கள் என்று சொல்லித் தாண்டியிருக்கலாம். அவள் கேட்டது, தன்னாலா என்று. தனக்கு ஆம் என்று பதில் வந்துவிடுமோ என்று அவள் பயப்படுவது தெரிந்தது. ஆனால் அவள் வாசித்துவிட்ட அந்தக் குறியை நான் எதைச் சொல்லி அழிப்பது? நான்கு மணி நேரம் வாந்தி நின்றதையும், நீ போய்விட்டாய் என்று நினைத்ததையும், எனக்கு நிம்மதியாக இருந்ததையும் சொன்னேன். குமட்டல்தான் அப்படி ஆக்கியது, உன்னை எனக்கு அப்போது தெரியவே தெரியாது என்றேன்.

"மத்தியானம் திரும்ப வாந்தி வந்தப்போ?"

"அழுதேன்."

"சந்தோஷத்திலயா?"

அண்ணிக்கும் செந்திலுக்கும் இன்றுவரை அப்படித்தான் தெரியும்.

"இல்ல."

அவள் குறிப்பேட்டை மூடினாள். தன் அறைக்குப் போனாள். கதவை மூடினாள், அறையவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது கணக்குத் தேர்வு பற்றிப் பேசினாள். புதன், வியாழன் இரண்டு நாளும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை அடுக்குவது இப்போது என் வேலை. அந்த இரண்டு நாளும் ஒரு வரிசையைத் தப்பாக அடுக்கி, எடுத்து மறுபடி அடுக்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன், எழுதிய பக்கத்தைக் கொண்டுவந்து பிழை பார்க்கச் சொன்னாள். என் ஜெர்மனை வைத்து அவள் ஜெர்மனில் பிழை கண்டுபிடிக்க முடியாது. அது இருவருக்கும் தெரியும். உட்கார்ந்து படித்தேன்.

அம்மா ஒரு மலை மேல் இருந்தாள், இறங்க முடியவில்லை. மாமா வீடு முழுக்கப் புளி. அத்தை மாத்திரைகளைப் பானைக்குள் ஒளித்தாள், ஒரு நர்ஸ் கண்டுபிடித்தாள். மலை இறங்கும்போது கார் பதினொரு முறை நின்றது. நான் அங்கேதான் இருந்தேன், ஆனால் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. இவ்வளவுதான் கதை. அந்த நான்கு மணி நேரம் அதில் இல்லை.

இங்கே பிள்ளைகள் நீல மைப் பேனாவில் எழுதுவார்கள். தப்பானால் அழிக்க வெள்ளை முனைப் பேனா ஒன்று உண்டு. அதைக் கொண்டு தேய்த்தால் நீலம் மறைந்து லேசான மஞ்சள் தடம் மட்டும் இருக்கும். அதன் மேல் அதே மையால் மறுபடி எழுத முடியாது. பானைக்கும் காருக்கும் நடுவில் அப்படி இரண்டு வரி நீளத்துக்கு ஒரு தடம் இருந்தது. எழுதி அழித்திருக்கிறாள். காகிதத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் எழுத்துகள் தெரியும்.

அவள் ஷூ மாட்டியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் காகிதத்தைத் தூக்கவில்லை. பிழை எதுவும் இல்லை என்று சொல்லி, மடங்காமல் அவள் கையில் கொடுத்தேன்.